ஆறு வராத ஞாயிறு

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குக் காட்சிகள் தெரிய ஆரம்பித்தது கல்யாணமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் அவள் சலவைக்கடை நடத்தும் சாதாரணப் பெண்மணி. அதற்குப் பின்னாலும் சலவைக்கடைதான் நடத்திக்கொண்டிருந்தாள். வீட்டின் கீழ்த்தளம் முழுக்கக் கடை. தெருப்பக்கம் துணி வாங்கும் மேசை, அதன் பின்னால் இரண்டு பெரிய சலவை மெஷின்கள், சுவரோரமாக இஸ்திரி மேசை. அங்கே நின்று தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பெரும்பாலும் காட்சி வரும். கை நின்றுவிடும். பார்வை சுவரைத் தாண்டி எங்கோ போய்விடும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, பார்த்ததைச் சொல்வாள். எவ்வளவு பெரிய காட்சி வந்தாலும் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்து மறந்ததில்லை. நிமிர்த்தி ஓரமாக வைத்துவிட்டுத்தான் போவாள். கடையில் ஒரு சட்டைகூடக் கருகியது கிடையாது.

மெக்கானிக் இதையெல்லாம் நம்பவில்லை. நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. காட்சி வந்த நாட்களில் அவள் முகம் குளித்துவிட்டு வந்ததுபோல் தெளிவாக இருக்கும். பழைய சண்டை எதையும் இழுக்க மாட்டாள். இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் வீட்டை விட்டு வெளியே போனது சந்தைக் கூரையால். பெரிய தகரக் கூரை ஒன்று மனிதர்கள் இல்லாத இடத்தில் மடங்கி விழுவதாக ஒருநாள் பார்த்தாள். கடைக்கு வந்தவர்களிடம் சொன்னாள். சந்தையில் சிலர் பயந்துபோய்க் கடையை வெளியே எடுத்துப் போட்டார்கள். அடுத்த மழையில் கூரை விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து ஊருக்கு அவள் 'தரிசனக்காரம்மா' ஆகிவிட்டாள்.

அவளுக்கு ஒரு தம்பி. ஊரில் அவனை 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கூட்டம் நடந்தாலும் மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கத் தெரியாது. நல்ல பையன்தான், மனசில் ஒன்றும் கிடையாது. ஆனால் பத்துப் பேரைப் பார்த்துவிட்டால் ஏதாவது நடத்திக் காட்ட வேண்டும் அவனுக்கு. நூலகத்துக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கூடத்தை வாடகைக்குப் பிடித்தான். நாற்காலி போட்டான். ஞாயிறுதோறும் பிரார்த்தனை, அதன் பிறகு அக்கா பார்த்ததைச் சொல்லுவது, அதன் பிறகு அவன் அதற்கு விளக்கம் சொல்லுவது என்று வழக்கமாகிவிட்டது. விளக்கம்தான் நீளம்.

மூடிக் கிடந்த நூல் மில் மறுபடி திறப்பதாக அவள் ஒருமுறை பார்த்தாள். வருஷம் போயிற்று. மில் திறக்கவில்லை, அதன் வாசலில் செடிதான் முளைத்தது. மைக்கு அசரவில்லை. மில் என்றால் மில் இல்லை, அது மனிதனின் மனசு, நம் மனசுகள்தான் திறந்திருக்கின்றன என்று ஒரு மணி நேரம் பேசினான். மில்லில் வேலை இழந்தவர்கள் இரண்டொருவர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர்களில் மருந்துக்கடைக்காரம்மா ஒருவர். அவருடைய ஒரே மகன் கல்லூரி முடிக்கும் வயதில் நண்பர்களோடு ஆற்றில் குளிக்கப் போய் மூழ்கிப்போனான். அதற்குச் சில மாதம் கழித்து, தரிசனக்காரம்மா அவனைப் பார்த்ததாகச் சொன்னாள். ஒரு வெளிச்சமான இடத்தில் நிற்கிறான், உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, சிரிக்கிறான். அவ்வளவுதான் காட்சி. மருந்துக்கடைக்காரம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு முழு இரவு தூங்கினார். பிறகு கடையைத் திறந்தார், கணக்குப் பார்த்தார், சாப்பிட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினார் என்று ஊரே சொல்லும்.

ஆறு வரும் என்ற காட்சி வந்தது கோடை முடியும்போது. தெருவில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது, சலவைக்கடை வாசற்படியைத் தொடுகிறது, அதன்மேல் வெள்ளைத் துணிகள் மிதந்து போகின்றன. எப்போது என்று மைக்கு கேட்டான். அது தெரியாது, தெரு மட்டும் ஞாயிற்றுக்கிழமை மாதிரி அடங்கிக் கிடந்தது என்றாள். எந்த ஞாயிறு என்று அவன் விடாமல் கேட்டான். வரும் ஞாயிறா, அதற்கு அடுத்ததா, நண்பகலுக்கு முன்னாலா பின்னாலா? அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டினாள். அடுத்த ஞாயிறு நண்பகலுக்குள் ஆறு ஊருக்குள் வரும் என்று அன்று மாலையே கூடத்தில் அறிவித்தாயிற்று.

அந்த வாரம் சலவைக்கடையில் நிற்க இடமில்லை. ஆறு வந்தாலும் வராவிட்டாலும் நம் துணி நம் வீட்டில் இருக்கட்டும் என்று நம்பாதவர்கள் வந்து வாங்கிப் போனார்கள். நம்பியவர்களோ, கடவுள் முன்னால் கசங்கிய சட்டையோடு போய் நிற்பதா என்று புதிதாக மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்கள். மெக்கானிக் வேலை முடிந்து வந்து, தேய்த்த துணிகளை எல்லாம் மாடிக்கு ஏற்றினார். மெஷின்களைத் தூக்க முடியாது, தரையோடு போல்ட் போட்டது. அவற்றின் விதி அவற்றோடு என்றார். அவள் சிரித்தாள். சிரித்தாலும் கண்ணில் தூக்கம் இல்லை.

ஞாயிறு காலை எல்லோரும் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கு ஏறினார்கள். மனைவி கூப்பிட்டதால் மெக்கானிக்கும் போனார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. மேட்டிலிருந்து பார்த்தால் கீழே ஆறு மணலுக்கு நடுவில் ஒரு சின்ன வாய்க்கால் போல் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கு பிரார்த்தனை நடத்தினான். நண்பகல் வந்தது. எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். ஆறு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றான். பார்த்தார்கள். பிறகு ஒருவர் தயங்கித் தயங்கிச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். அதைப் பார்த்து இன்னொருவர் திறந்தார். குழந்தைகள் அட்டைப்பெட்டிகளைப் பிய்த்து உட்கார்ந்து புல் சரிவில் வழுக்கி விளையாடின. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் மரத்தடியில் குடையை விரித்து வைத்துக்கொண்டு குறட்டை விட்டார்.

தரிசனக்காரம்மா மட்டும் ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் சொன்னது நடக்காமல் போனால் தனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது. மாலையில் இறங்கி வரும்போது பாலத்தின் மேல் நின்றார்கள். கீழே ஒரு நாய் ஆற்றைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் அதன் வயிற்றைக்கூடத் தொடவில்லை. அது அக்கரை ஏறி உதறிக்கொள்ளும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் மருந்துக்கடைக்காரம்மா வந்தார். கையில் துணி எதுவும் இல்லை. மெக்கானிக் வேலைக்குக் கிளம்பி, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஆறு வரலை. அதுக்காக நான் சண்டை போட வரலை. வராததே நல்லது” என்றார் மருந்துக்கடைக்காரம்மா. “எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஆறு வர்றதைப் பார்த்ததும் நீங்கதான். என் பையனைப் பார்த்ததும் நீங்கதான். ஒரே கண்ணு. அது இல்லைன்னு ஆயிடுச்சுன்னா, இது?”

அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து, மறுபடி நிமிர்த்தி வைத்தாள். மருந்துக்கடைக்காரம்மா கொஞ்ச நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, கடை திறக்க நேரமாச்சு என்று சொல்லிப் போய்விட்டார்.

மெக்கானிக் அன்றைக்கு ஒரு மருத்துவமனையில் லிஃப்டுக்கு பிரேக் மாற்ற வேண்டியிருந்தது. வேலை முழுக்க அந்தக் கேள்வியே காதில் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க, உங்களை ஒண்ணு கேக்கணும். மழுப்பாம சொல்லணும்” என்றாள். “நான் பார்க்கிறதை நீங்க நம்புறீங்களா?”

அவர் பையை இறக்கி வைத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“நீ பார்க்கிறேங்கிறதை நம்புறேன். நீ பொய் சொல்ற ஆள் இல்ல. ஆனா நீ பார்க்கிறது வெளியில எங்கயோ நிஜமா இருக்குங்கிறதை நம்பல.”

“எப்பலேர்ந்து?”

“ஆரம்பத்திலேர்ந்தே.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“நீ கேக்கல.”

அவளுக்குக் கோபம் வந்தது. சந்தைக் கூரை விழுந்ததே, அது என்ன கணக்கு என்று கேட்டாள். அவர் ரொம்பத் தயங்கித்தான் சொன்னார். அந்தக் கூரைக்குக் கீழே நின்றுதான் அவர் தினமும் டீ குடிப்பார். துரு உதிர்ந்து டம்ளரில் விழும். இது என்றைக்கு யார் தலையில் விழப்போகிறதோ என்று வீட்டுக்கு வந்து வாரக்கணக்கில் புலம்பியிருக்கிறார். அவள் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகுதான் அந்தக் காட்சி வந்தது.

அவளுக்கு அது ஞாபகம் வர ஒரு நிமிஷம் ஆயிற்று. வந்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவள் கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போ தரிசனக்காரர் நீங்கதான், நான் சும்மா ரேடியோ என்றாள். பிறகு சிரிப்பு அடங்கி, மெதுவாகச் சொன்னாள்.

“ஆனாலும் பார்க்கும்போது மனசுக்குள்ள ஒரு அமைதி வருதுங்க. யாரோ பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி. அதைப் பொய்ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.”

“சொல்ல வேண்டாம்” என்றார் அவர். “அதை யாரும் கேக்கலையே. எந்த ஞாயிறுன்னுதான் கேட்டாங்க.”

அன்றைக்கு அவரே சமைத்தார். சாப்பாடு சுமார்தான். இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு கூடம் நிரம்பி வழிந்தது. என்ன சொல்லப்போகிறாள் என்று பார்க்க, இதுவரை வராதவர்களும் வந்திருந்தார்கள். மெக்கானிக் ஒருநாளும் அந்தக் கூடத்துக்கு வந்ததில்லை. அன்றைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மைக்கு விளக்கத்தைத் தயாராக வைத்திருந்தான். ஆறு கிளம்பியது உண்மை, மேட்டில் நாம் எல்லோரும் சேர்ந்து செய்த பிரார்த்தனை அதைப் பாதி வழியில் நிறுத்திவிட்டது, இது தரிசனத்தின் தோல்வி அல்ல, வெற்றி என்று ஆரம்பித்தான். கூட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் மலர்ந்தது. அவள் எழுந்து போய்க் கையை நீட்டினாள். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைக் கொடுத்தான்.

“தம்பி சொல்றது எனக்கும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படி எனக்கு எதுவும் தெரியல” என்றாள். “தண்ணி வர்ற மாதிரி பார்த்தேன். என்னைக்குன்னு நான் பார்க்கவே இல்ல. கேட்டாங்கன்னு தலையாட்டிட்டேன். அது தப்பு. மில்லைப் பத்திச் சொன்னதும் நடக்கல. நடக்கலன்னா நடக்கலதான், அதுக்கு வேற அர்த்தம் வேண்டாம். இனிமே நான் எதைப் பார்த்தாலும் அது என்னோட இருக்கட்டும். அதை நம்பி யாரும் வீடு மாத்தாதீங்க, கடை மாத்தாதீங்க. பிரார்த்தனைக்கு வர்றவங்க வாங்க. நானும் வருவேன், உங்களை மாதிரி வந்து உக்காருவேன்.”

தபால்காரர் எழுந்து, எது எப்படியோ, என் பேரப்பிள்ளைகளோடு ஒரு முழு நாள் மேட்டில் இருந்தேன், அவர்கள் இன்னொரு தடவை எப்போது ஆறு வரும் என்று கேட்கிறார்கள் என்றார். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சிலர் அப்போதே எழுந்து போனார்கள். மில்லில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் வாசலிலிருந்து திரும்பி வந்து அவள் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். இன்னும் சிலர் இருந்தார்கள், அவர்களை ஒன்றும் செய்ய முடியாது. தப்பு என்று தானே சொல்கிறாளே, இந்தத் தன்னடக்கம் உண்மையான தரிசனம் உள்ளவர்களுக்குத்தான் வரும் என்று முன்னைவிட அதிகமாக நம்ப ஆரம்பித்தார்கள்.

மருந்துக்கடைக்காரம்மா கடைசிவரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போனார்.

மைக்குக்கு வருத்தம்தான். அக்கா தன்னை எல்லோர் முன்னாலும் ஒன்றுமில்லாதவனாக்கிவிட்டாள் என்று ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் விளையாட்டு மைதானத்தில் கால்பந்து ஆட்டத்துக்கு வர்ணனை சொல்லக் கூப்பிட்டார்கள். போனான். பந்து எங்கே போகும் என்று அவன் முன்கூட்டியே சொல்லுவதும், பந்து வேறெங்கோ போவதும், அதற்கு அவன் உடனே காரணம் சொல்லுவதும் ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரமே அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்து, மாமாவிடம் ஆட்டத்தைப் பற்றி விடாமல் பேசினான்.

மருந்துக்கடைக்காரம்மா மட்டும் வரவில்லை. அவருடைய வெள்ளைக் கோட்டுகள்கூடச் சலவைக்கு வரவில்லை. கடையைத் தாண்டிப் போகும்போது தெருவின் அந்தப் பக்கமாகப் போனார். தரிசனக்காரம்மா இரண்டு தடவை மருந்துக்கடை வாசல்வரை போய், உள்ளே வாடிக்கையாளர் இருந்ததால் திரும்பி வந்தாள். உள்ளே போய் என்ன சொல்லுவது? பார்த்தது நிஜம் என்றால் பொய்யாகிவிடும். பொய் என்றால் அந்தத் தாயின் கையில் இருந்த ஒன்றையும் பிடுங்கியதாகிவிடும். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை, அதைச் சொல்லி அந்தம்மாவுக்கு என்ன பிரயோஜனம் என்று கணவரிடம் கேட்டாள்.

குளிர் தொடங்கும் பருவத்தில் ஒரு மத்தியானம், மெக்கானிக் விடுமுறையில் வீட்டில் இருந்து, மெஷின் ஒன்றுக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரம்மா உள்ளே வந்தார். வெள்ளைக் கோட்டுகளை மேசைமேல் வைத்தார்.

“அக்கா” என்றார். அதுவரை அவர் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். “அவனைக் காட்சியில பார்த்ததெல்லாம் இப்ப வேண்டாம். உயிரோட இருக்கும்போது இந்தக் கடைக்கு வருவானா?”

“வராம? உன் கோட்டை வாங்கிட்டுப் போறதே அவன்தானே.”

“சொல்லுங்க.”

அவள் கைவேலையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். கோட்டைப் பையில் போட்டுக் கொண்டுபோக மாட்டான், போட்டுக்கொண்டுதான் போவான். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தெருவில் எதிரே வருகிறவர்களிடம் நாக்கை நீட்டுங்க என்பான். துணி தயாராக இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். இறங்குடா என்றால், இருங்க ஆன்ட்டி, மசாஜ் என்பான். குரல் அப்படியே நடுங்கும். அதைக் கேட்டு அவனுக்கே சிரிப்பு வரும்.

மருந்துக்கடைக்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். எனக்கு இது தெரியாதே, வீட்டில் உம்மென்று இருப்பானே என்றார். யாரும் அவனைப் பற்றிப் பேசுவதில்லை, நான் வந்தாலே பேச்சை மாற்றிவிடுகிறார்கள், என் மனம் நோகக்கூடாதாம் என்றார். பிறகு கேட்டார்.

“அன்னைக்குக் காட்சியில சிரிச்சான்னீங்களே. அது இந்தச் சிரிப்புதானா?”

தரிசனக்காரம்மா யோசித்தாள். அவசரப்படவில்லை.

“இதேதான்.”

“அப்போ அது ஞாபகம்தானா, அக்கா?”

“இருக்கலாம்மா. இல்லைன்னு சொல்ல எனக்குத் தெரியல. வேற ஏதாவதா இருக்கலாம்னு தோணுது, அதையும் அடிச்சுச் சொல்ல முடியல.”

“சரி” என்றார் மருந்துக்கடைக்காரம்மா. “ஞாபகம்னா பரவாயில்லை. ஞாபகம்னா அப்படி ஒருத்தன் இருந்தான், சிரிச்சான்னுதானே.”

மெக்கானிக் மெஷினுக்குப் பின்னால் குனிந்தபடியே இருந்தார். பெல்ட் எப்போதோ மாட்டியாகிவிட்டது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு மருந்துக்கடைக்காரம்மா மத்தியானத்தில் கடையை அடைத்துவிட்டுச் சலவைக்கடைக்கு வருவது பழக்கமாகிவிட்டது. சில நாள் மகனைப் பற்றிப் பேசுவார்கள். பல நாள் விலைவாசி, கால்வலி, யார் வீட்டில் என்ன என்றுதான் ஓடும்.

கூடத்தில் இப்போது நாற்காலிகள் குறைவு. விளக்கமும் கிடையாது. கொஞ்சம் பிரார்த்தனை, கொஞ்சம் மௌனம், வீட்டுக்குப் போகும் முன் வாசலில் கொஞ்சம் வம்பு. மெக்கானிக் ஞாயிறுதோறும் மனைவியோடு போகிறார். நம்பிக்கை வந்துவிட்டதா என்று தபால்காரர் ஒருமுறை கேட்டார். இல்லை, ஊரில் மோட்டார் சத்தம் கேட்காத இடம் அது ஒன்றுதான் என்றார்.

காட்சிகள் நிற்கவில்லை, எப்போதாவது வருகின்றன. காலையில் கடை திறப்பதற்கு முன் டீ குடிக்கும்போது அவள் அவரிடம் சொல்வாள். ஒரு பெரிய வயல், நடுவில் ஒரே ஒரு வெள்ளை நாற்காலி, அதில் யாரும் இல்லை, ஆனால் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கிறது என்றாள் ஒருநாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வயலில் என்ன பயிர் என்று கேட்டார். அதை நான் கவனிக்கவில்லையே என்றாள். அடுத்த தடவை பார்த்துச் சொல் என்று சொல்லிவிட்டு, கடைக் கதவைத் தூக்கிவிட எழுந்து போனார்.